தீவுப் பையனுக்கு ஒரு செபமாலை

ஜூலை 21, திங்கள்

மோட்டார் ரிப்பேர். இன்றும் தெருக்குழாய்தான். இடுப்பு போய்விட்டது.

சாயங்காலம் செபமாலை சொல்லும்போது ஜெனியைக் காணோம். கூப்பிட்டால் "வரேன் பெரிம்மா, வரேன் பெரிம்மா" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வருகிறது. போய்ப் பார்த்தால் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு கதைப் புத்தகம். ஒருவழியாக எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். செபத்துக்கு என்று நினைத்தேன். இல்லை. அவள் காலேஜில் இயற்கை மன்றம் என்று ஒன்று இருக்கிறதாம். சுதந்திர தின லீவில் ஜவ்வாது மலைக்குக் கூட்டிப் போகிறார்களாம். காட்டில் நடக்க வேண்டுமாம், கூடாரத்தில் படுக்க வேண்டுமாம். அதற்கு நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"மாதா விண்ணேற்புத் திருநாளும் அதுவுமா காட்டுல போயி படுப்பியா நீ?"

"மாதாவே மலையேறித்தானே பெரிம்மா எலிசபெத்தம்மாவைப் பாக்கப் போனாங்க?"

இந்த வாய்க்கு ஞானோபதேச வகுப்பில் வருஷா வருஷம் பரிசு வேறு கொடுத்தார்கள்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். பிறகு குவைத்துக்குப் போன் போட்டேன். ஜீவிதா என் தங்கச்சி, ஜெனியைப் பெற்றவள், அங்கே ஆஸ்பத்திரியில் வேலை. அவளும் கூடாது என்று ஒரு வார்த்தை சொன்னால் எனக்குப் பலமாக இருக்கும் என்று பார்த்தேன். "உன்கிட்டதானே கீறா, நீயே பாத்து சொல்லுக்கா" என்று வைத்துவிட்டாள். நன்றாக இருக்கிறது. என் வயிற்றில் பிறந்ததாக இருந்தால் அனுப்புவதோ அடிப்பதோ என் பாடு. இது அடுத்தவள் பிள்ளை. தங்கச்சியே ஆனாலும் அடுத்தவள்தானே? ஒரு கீறல் விழுந்தாலும் நான் பதில் சொல்ல வேண்டும்.

ஜூலை 23, புதன்

வீட்டில் பேச்சில்லை. சட்னியில் உப்பு இல்லை என்பதைக்கூட ஜெனி சொல்லவில்லை, அப்படியே சாப்பிட்டுவிட்டுப் போனாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

சாயங்காலம் தாம்பரம் நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "நீ எதுக்கு பயப்படுறேன்னு கேட்டா உனக்கே சொல்லத் தெரியல. இதைப் படி. என்னைவிட சின்னப் பசங்க தனியா மாட்டிக்கிட்டு எப்படி சமாளிக்கிறாங்கன்னு பாரு. அப்பறம் முடியாதுன்னு சொல்லு."

என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார், "பயத்த போக்கறதுக்கு பேய்ப்படம் காட்டுற மாதிரி கீதே!"

கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவள் நான். வேதாகமம், செபப் புத்தகம், பஞ்சாங்கம் போட்ட காலண்டர் — இதற்கு மேல் எதையும் உட்கார்ந்து படித்து எத்தனையோ வருஷம். ஆனாலும் ஒரு பிள்ளை மடியில் வைத்துவிட்டுப் போனதைத் தள்ளிவிட முடியுமா? இரண்டு பக்கம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஜூலை 25, வெள்ளி

சோறு குழைந்துவிட்டது. புத்தகம்தான் காரணம்.

வெள்ளைக்காரப் பையன் ஒருவன். கப்பல் கவிழ்ந்து தனித் தீவில் ஒதுங்குகிறான். அம்மா அப்பா இருவரையும் மூன்றாம் பக்கத்திலேயே கடலில் தள்ளிவிட்டார்கள். எழுதினவருக்கு அப்பா அம்மா மேல் என்ன கோபமோ. ஜெனியிடம் கேட்டேன். "பெரியவங்க இருந்தா கதை நகராது பெரிம்மா. இதைத் தொடாதே, அங்கே போகாதே, ஸ்வெட்டர் போடுன்னு சொல்லிட்டே இருப்பாங்க, புக் அங்கேயே முடிஞ்சிடும்" என்கிறாள். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

தமிழாக்கம் என்று போட்டிருக்கிறது. அதுவும் ஒரு மாதிரிதான். பசியில் கிடக்கிற பையன் "ஐயகோ, என் விதியே" என்கிறான். பசித்த பிள்ளை எங்கேயாவது இப்படிப் பேசுமா? பசிக்குது என்றுதான் சொல்லும்.

இன்னொரு குறை. நாள் கணக்கில் தண்ணீர் இல்லாமல் கிடக்கிறான், ஒரு தடவைகூடச் சிலுவை போடவில்லை, ஆண்டவரே என்று ஒரு வார்த்தை இல்லை. ஒரு கடல்பறவையோடு மட்டும் பேசிக்கொண்டிருக்கிறான். முதலில் கோபமாக வந்தது. பிறகு யோசித்தேன். பதில் வராது என்று தெரிந்தும் தினம் பேசுகிறானே, அதற்குப் பெயர் என்ன?

ஜூலை 30, புதன்

ஐயோ, மானம் போகிற வேலை ஒன்று செய்துவிட்டேன்.

புதன்கிழமை இரும்புலியூரில் எங்கள் தெரு அன்பியம். ஒவ்வொரு வாரம் ஒரு வீட்டில் கூடி செபம் செய்வோம், கடைசியில் ஆளாளுக்கு ஒரு கருத்து சொல்லி வேண்டிக்கொள்வோம். இன்று ரத்தினபாய் அக்கா வீடு. அவர்தான் எங்களுக்குத் தலைவி. என் முறை வரும்போது என் மனது முழுக்கத் தீவில் இருந்தது. காலில் முள் குத்திச் சீழ் பிடித்து, காய்ச்சலில் கிடக்கிற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு வந்திருந்தேன். வாயில் வந்துவிட்டது — "துணையில்லாம தனியா மாட்டிக்கினு, காய்ச்சல்ல கெடக்குற ஒரு பையனுக்காக வேண்டிக்குவோம்."

எல்லாரும் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். ரத்தினபாய் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாருடி அந்தப் பையன், அருள்மேரி?" என்றார்.

புத்தகத்தில் வருகிறவன் என்று சொல்ல வேண்டியதுதானே? வாய் வரவில்லை. "தெரிஞ்ச பையன்தான்க்கா" என்றேன்.

"அப்பா அம்மா?"

"இல்லைக்கா. கடல்ல..."

அவ்வளவுதான். உடனே சங்கிலி செபம் ஏற்பாடாகிவிட்டது. இந்த வீடு முடிந்தால் அந்த வீடு. வெள்ளிக்கிழமை ஒருசந்தி விரதம் வேறு. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிக்கிறார். "இரும்புலியூரே பட்டினி கெடந்து ஒரு பொம்மைப் பையன காப்பாத்துது" என்கிறார். பொம்மையாம்! படித்துப் பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 2, சனி

பிழைத்துவிட்டான்! கடைசி அத்தியாயத்தில் மீன்பிடிக்கிறவர்கள் பார்த்துவிட்டார்கள். அடுப்பை அணைத்துவிட்டு மாதா படத்துக்கு முன்னால் நின்று நன்றி சொன்னேன். சொல்லும்போதே சிரிப்பும் வந்தது. ஆனால் நிறுத்தவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

அன்பியத்தில் உட்கார்வதற்கு முன்பே ரத்தினபாய் அக்கா கேட்டார், "பையன் இன்னா ஆனான்?" பொய் சொல்லக் கூடாதே. "கிடைச்சுட்டான்க்கா, நல்லா கீறான்" என்றேன். அது உண்மைதானே?

எல்லாரும் எழுந்து நின்று பாட்டே பாடிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் வினை. "ஞாயித்துக்கெழம பூசையில அந்தப் புள்ளைய கூட்டியாந்து சாட்சி சொல்ல வெச்சிடலாம்டி. நான் ஃபாதர்கிட்ட பேசிட்டேன்."

இனி மறைக்க முடியாது. கும்பிட்டுக்கொண்டே சொன்னேன். அக்கா, அது கதைப் புத்தகத்தில் வருகிற பையன். தீவுக் கதை. ஜெனி கொடுத்தது.

ரத்தினபாய் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் வெள்ளிக்கெழம ஒரு வாய் கஞ்சி குடிக்கல."

"தெரியும்க்கா."

"சுகர் மாத்திரைய போட்டுக்கினு பட்டினி கெடந்தேன்."

"மன்னிச்சிடுக்கா."

கிளம்பும்போது வாசலில் என் கையைப் பிடித்து மெதுவாகக் கேட்டார், "கால்ல சீழ் வெச்சிருந்துதே, அது எப்படி ஆறிச்சி?"

புத்தகத்தைக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

இரண்டாவது புத்தகம். இது பனிமலை. பதினாறு வயசுப் பெண், மாதக்கணக்கில் ஒரு மரக் குடிசையில் தனியாக இருக்கிறாள். ஓநாய் வருகிறது, விறகு தீர்கிறது, எல்லாம் விலாவாரியாக எழுதியிருக்கிறார்கள். சரி. மாதக்கணக்கில் என்றால் அந்த மூன்று நாள் வந்திருக்குமே? அதற்கு என்ன செய்தாள்? ஒரு வரி இல்லை. கடைசியில் எழுதினவர் பெயரைப் பார்த்தேன். ஆம்பிளை. அதானே!

ஜெனி காலேஜிலிருந்து வந்ததும் வராததுமாகக் கேட்டேன், "ஏன்டீ, இவ தூரமானா இன்னா பண்ணா?"

பையைக் கீழே போட்டுவிட்டு அப்படிச் சிரித்தாள். "நானும் படிச்சப்போ அதையேதான் தேடினேன் பெரிம்மா!" பிறகு தானாகவே சொன்னாள். கேம்ப்புக்காக முதல் கூட்டம் போட்டபோது, மன்றத்தைப் பார்த்துக்கொள்கிற நித்யஸ்ரீ மேடம் பாம்பைப் பற்றிப் பேசவில்லையாம், மலையைப் பற்றிப் பேசவில்லையாம். பெண் பிள்ளைகளைத் தனியாகக் கூப்பிட்டு, அங்கே பீரியட்ஸ் வந்தால் எங்கே போவது, துணியை எதில் சுற்றிக் கொண்டுவருவது, வலி வந்தால் யாரிடம் சொல்வது — முதலில் இதைத்தான் பேசினார்களாம். கழிவறைக்குக் குழி எங்கே தோண்டுவது, ராத்திரியில் போக வேண்டுமென்றால் யார் துணை, அதுவரைக்கும்.

கதை எழுதினவருக்குத் தோன்றாதது அந்த அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. அப்படிப்பட்டவளோடு அனுப்பினால் என்ன?

"எங்க அந்த ஃபாரம்?" என்றேன்.

நம்பவே இல்லை. கட்டிப் பிடித்துக்கொண்டு என் புடவையெல்லாம் பேனா மை. கையெழுத்துப் போட்டேன். பெற்றோர் போன் நம்பர் என்று ஒரு கட்டம் இருந்தது. ஜீவிதாவின் குவைத் நம்பரைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். பெற்றவள் அவள்தானே? மாதா சத்தியமாக நான் ஒன்றும் தப்பாக எழுதவில்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

இப்போது துப்பறியும் கதை. இது தமிழிலேயே எழுதினது, பேச்செல்லாம் வாயில் ஒட்டுகிறது. மலை ஊரில் ஒரு ஹாஸ்டல், ஒரு பெண்ணைக் காணவில்லை, கூடப் படிக்கிற பிள்ளைகள் நாலு பேர் துப்பு துலக்குகிறார்கள். செருப்புத் தடம் அளக்கிறார்கள், சாம்பலைக் கவரில் போடுகிறார்கள். எல்லாம் சரி, ஹாஸ்டலுக்கு எதிரில் ஒரு வீடு இருக்கிறது என்று இரண்டாம் பக்கத்திலேயே எழுதியிருக்கிறதே, அந்த வீட்டு அம்மாவைப் போய் ஒருத்தராவது கேட்கிறார்களா? எங்கள் எதிர்வீட்டு பாலாம்பாள் மாமியைக் கேட்டால் போதும். யார் எப்போது போனார்கள், என்ன கலர் சட்டை, கையில் என்ன பை, பையில் என்ன காய் — எல்லாம் வந்துவிடும். கதை பத்துப் பக்கத்தில் முடிந்துவிடும் என்று பயம் போலிருக்கிறது.

காணாமல் போனதைத் தேட அந்தோணியாரை வேண்டுகிறவர்களும் யாரும் இல்லை.

ஆனால் குற்றவாளி யார் என்று நான் முன்னாடியே சொல்லிவிட்டேன். வார்டன். ஜெனி ஆடிப்போய்விட்டாள். "எப்படி பெரிம்மா?" பிள்ளையைக் காணோம் என்று எல்லாரும் சாப்பிடாமல் எழுந்திருக்கும்போது அந்த ஆள் மட்டும் மோர் ஊற்றிக்கொள்கிறான். அடுத்த வீட்டுத் துக்கத்தில் மோர்வரைக்கும் சாப்பிடுகிறவனை நம்பக் கூடாது.

தீவுக் கதையைவிட எனக்கு இதுதான் பிடித்தது. தனியாக மாட்டிக்கொள்வது கஷ்டம். நாலு பேரோடு மாட்டிக்கொண்டால் பேசவாவது ஆள் உண்டு.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஜெனியை பஸ் ஏற்றிவிட்டு வந்தோம். நாப்கின், இஞ்சி மொரப்பா, செபமாலை மூன்றையும் பையின் மேல்பக்கம் வைத்தேன். ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

திருநாள் பூசை. கோயில் முற்றத்தில் கொடியும் ஏற்றினார்கள். ரத்தினபாய் அக்கா தீவுக் கதையை முடித்துவிட்டாராம். "அந்தப் பறவ கடைசியில எங்க போச்சின்னு எழுதவேயில்லயே" என்று கோபமாக இருக்கிறார்.

ஆகஸ்ட் 16, சனி

போன் எடுக்கவில்லை. மலையில் டவர் இருக்காது என்று முன்பே சொன்னாள். மழை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மீன் குழம்பு வெச்சி ஆறிப்போச்சி. மணி ஆறு. இன்னும் வரல.

போன் போட்டா ஸ்விட்ச் ஆஃப். காலேஜுக்குப் போட்டா ஞாயித்துக்கெழம, அடிச்சிக்கினே கீது. இவர் நனைஞ்சிக்கினே காலேஜ் கேட்டுக்குப் போயி பாத்துட்டு வந்தாரு. பஸ் வரலன்னு வாச்மேன் சொல்லிட்டானாம். வேற எதுவும் தெரியாதாம். துண்ட பிழிஞ்சி பிழிஞ்சி காயப்போடறாரு.

இங்கயே இப்படி பெய்யுதே, மலையில எப்படிப் பெய்யும்? வேணாம்னு சொன்னேனே. சொல்லிட்டு நான்தானே கையெழுத்து போட்டேன்? கதை படிச்சிட்டு போட்டேன்! அடுத்தவ புள்ளைய — ஜீவிதாகிட்ட இன்னான்னு சொல்றது? அவ அங்க தனியா கீறா, கேட்டா நெஞ்சு வெடிச்சிடும். அவகிட்ட சொல்லக்கூடாது. வர்ற வரைக்கும் சொல்லவேகூடாது.

அந்தப் பையன் தீவுல கெடந்தானே, அப்போ ஊர்ல அவனுக்கு ஒரு அத்தையோ பெரிம்மாவோ இருந்திருப்பா இல்ல? வாசலப் பாத்துக்கினு. அவளப் பத்தி ஒரு வரி எழுதல. இத்தன புக்குல ஒருத்தரும் எழுதல. தீவுல இருக்கறவனுக்கு மீன் பிடிக்கவாவது வேல கீது. இவளுக்கு இன்னா கீது?

ரத்தினபாய் அக்காவுக்குத்தான் போன் போடணும். எந்த வாயோட போடறது...

அன்றே, பிறகு

இப்போதுதான் நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன்.

அக்காவுக்குப் போன் போட்டு, "ஜெனி மலையிலேர்ந்து வரலக்கா, வேண்டிக்கோக்கா" என்றேன். அக்கா கேட்டார், "இது நெச ஜெனிதானே? கதையில எவளும் இல்லியே?" அழுகையே வந்துவிட்டது எனக்கு. அதைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் குடை திருப்பிக்கொள்ள, தொப்பலாக நனைந்து வாசலில் நிற்கிறார்.

உட்காரக்கூட இல்லை. "அவ அம்மா இன்னா சொன்னா?"

"அவகிட்ட சொல்லலக்கா. பயந்துடுவா."

"போடி இவளே. ஹாஸ்டலுக்கு எதிர்வூட்டம்மாவ ஏன் கேக்கலன்னு அன்பியத்துல அந்தக் கிழி கிழிச்சியே, பெத்தவள கேட்டியா நீ?" என் கையிலிருந்து போனைப் பிடுங்கி அவரே குவைத்துக்குப் போட்டார்.

ஜீவிதா எடுத்ததும் சொன்னாள், "அதான் காலேஜ்லேர்ந்து மெசேஜ் வந்துதேக்கா. மலை ரோட்டுல மரம் சாஞ்சிடுச்சாம். எல்லாரும் ஒரு ஸ்கூல் ஹால்ல பத்திரமா கீறாங்களாம், நாளைக்குத்தான் எறங்குவாங்களாம். காலையிலயே அனுப்பினாங்களே."

எங்களுக்கு வரவில்லை. எப்படி வரும்? ஃபாரத்தில் எந்த நம்பர் இருக்கிறதோ அதற்குத்தானே வரும்? நான்தான் பார்த்துப் பார்த்து எழுதினேனே.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன்.

"மரம், மழைன்னா நீ பயந்துடுவேன்னு சொல்லல. நீ ஏன்க்கா கேக்கல?"

"நீ பயந்துடுவேன்னு கேக்கலடி."

இரண்டு பேரும் அழுதோம். பிறகு சிரித்தோம். இவர் போய் மீன் குழம்பைச் சுடவைத்தார். ரத்தினபாய் அக்காவுக்கும் தட்டு போட்டார். மூன்று பேரும் நன்றாகச் சாப்பிட்டோம், மோர்வரைக்கும். தப்பில்லை, இது துக்க வீடு இல்லையே. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

ஆகஸ்ட் 18, திங்கள்

வந்துவிட்டாள். சகதி, புகை நாற்றம், கன்னத்தில் கொசுக்கடி. வேறு ஒன்றுமில்லை, தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்துவிட்டேன்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். குவைத் நம்பர் விஷயம் வந்ததும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"காலைல எழுப்பறது நீ. திட்டறது நீ. காய்ச்சல் வந்தா பக்கத்துல உக்காந்திருக்கறது நீ. நம்பர் மட்டும் குவைத்தா பெரிம்மா?"

"அம்மா அவதானேடி?"

"அம்மா அவங்கதான். நான் இல்லேன்னு சொல்லல." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள், "மெசேஜ் குவைத்துக்குப் போச்சுன்னு கெளம்பும்போது மேடம் சொன்னதுமே உன் நம்பரைக் குடுத்துட்டுதான் வந்திருக்கேன். இனிமே மரம் சாஞ்சா உனக்குத்தான் வரும்."

எழுந்து போய் ரசம் எடுத்து வந்தேன். ரசம் தேவைப்படவில்லை. எழுந்து போகத்தான் தேவைப்பட்டது.

ஆகஸ்ட் 20, புதன்

மரம் சாய்ந்த ராத்திரி என்ன நடந்தது என்று விடாமல் கேட்டேன். ஓநாயா, பசியா, அழுகையா? ஒன்றும் இல்லையாம். பள்ளிக்கூட ஹாலில் அந்தாக்ஷரி. ராத்திரியும் ரவை உப்புமா, காலையிலும் ரவை உப்புமா. ஒரு பெண்ணுக்கு மட்டும் வயிற்றுவலி, நான் வைத்த நாப்கினை ஜெனி கொடுத்தாளாம். அவ்வளவுதான்.

"இதைப் புக்கா போட்டா ஒருத்தரும் வாங்க மாட்டாங்க பெரிம்மா."

நான் வாங்குவேன். எத்தனை பிரதி போட்டாலும் வாங்குவேன்.

ஆகஸ்ட் 30, சனி

நூலகத்தில் நானே உறுப்பினராகச் சேர்ந்துவிட்டேன். அங்கிருந்த பையன், "பேத்திக்காம்மா?" என்றான். எனக்குத்தான் என்றேன். இந்தத் தடவை எடுத்தது குகைக் கதை. அண்ணனும் தங்கையும் குகைக்குள் போய் வழி தப்பிவிடுகிறார்கள். இதில் அம்மா உயிரோடு இருக்கிறாள், வெளியே நின்று கயிறு பிடிக்கிறாள். எழுதினது பொம்பளை. நடை கொஞ்சம் இழுவைதான், ஆனாலும் விட முடியவில்லை. முடித்ததும் ரத்தினபாய் அக்காவுக்குக் கொடுக்க வேண்டும், இப்போதே கேட்டுவிட்டார்.

மதியம் ஜெனி கோவிலம்பாக்கம் போகிறேன், கூடப் படிக்கிற ரேஷ்மா வீட்டுக்கு என்றாள். சரி என்றேன். கதையில் அப்போதுதான் தங்கையின் டார்ச் அணைந்திருந்தது.

கொஞ்சம் முன்னால் இவர் டீ குடிக்க வந்தார். "ஜெனி எங்க?"

"ரேஷ்மா வூட்டுக்கு."

"எப்ப வருவா?"

புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி இவரைப் பார்த்தேன். நான் கேட்கவே இல்லை.